87.7இல் கேட்ட தமிழ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரேடியோ முள்ளை இடது கோடி வரைக்கும் திருப்பினால் 87.7இல் லோட்டஸ் எஃப்எம் கிடைக்கும். பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அது இன்னும் ரேடியோ லோட்டஸ்தான். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். இந்த ஊர்த் தமிழர்களின் கதை எனக்குப் பிடிபட்டது அந்த ரேடியோவை வைத்துத்தான். அத்தை சமையலறையில் அதைப் போட்டுவிட்டு, பாட்டுக்கு நடுவே எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார்.

நிலையம் தொடங்கிய நாள் 1983 ஜனவரி 8. தொடங்கியது எஸ்ஏபிசி, அதாவது தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம். அன்றைக்கு அது நிறவெறி அரசின் கையில் இருந்தது. மனிதர்களை நிறம் பார்த்துக் குடியமர்த்திய அரசு, ரேடியோவையும் அப்படியே பிரித்து வைத்திருந்தது. கறுப்பின மக்களுக்கு 1960இல் வந்த ரேடியோ பாண்டு, மொழிக்கு ஒரு சேவை என்று நடந்தது. இந்தியர்களுக்கென்று தனி நிலையம் அதற்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் வந்தது. வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். அதே வருடம் நவம்பரில் வெள்ளையர்கள் மட்டும் வாக்களித்து மூன்று அவை நாடாளுமன்றத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். வெள்ளையருக்கு ஒரு அவை, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுமே இல்லை. 1984 ஆகஸ்டில் நடந்த அந்தத் தேர்தலில் இந்தியர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடப் போகவில்லை.

எங்கள் மாமாவும் போகவில்லை. ரேடியோவிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. “ஓட்டுக்குப் பதிலா பாட்டு குடுக்குறான்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாராம். அவர் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அத்தை ரேடியோவை அணைக்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

அத்தையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் இனக் கொள்கையை எதிர்த்து இந்தியா 1946இலேயே வணிகத்தைத் துண்டித்துவிட்டது. அது சரியான முடிவு. ஆனால் அதனால் அன்றைக்கு ஒரு தமிழ் இசைத்தட்டுகூட நேர்வழியில் இங்கே வர முடியவில்லை. வேறு நாடுகளைச் சுற்றி வந்ததை, காசு இருந்தவர்கள் வாங்கினார்கள். அத்தை துணி ஆலையில் தையல் வேலை செய்தவர். கேட்டோ மேனரில் இருந்த வீட்டைப் பறிகொடுத்து, குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டவர். அவரால் எங்கே இசைத்தட்டு வாங்க முடியும்? சினிமாக் கொட்டகையில் ஒருமுறை கேட்ட பாட்டைத் திரும்பக் கேட்க வாய்ப்பே கிடையாது. அப்படி இருந்த பாட்டு வீட்டுக்குள்ளேயே வந்து பாடினால் யாருக்குத்தான் அணைக்க மனசு வரும்?

அதிலும் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். நிலையத்தின் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், பாட்டு பெரும்பாலும் இந்தி. மிச்சத்தைத் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, உருது பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் நேரம் எப்போது வரும் என்று அத்தைக்குக் கடிகாரம் பார்க்காமலேயே தெரியும். ஜிக்கியும் பி.பி.ஸ்ரீநிவாஸும் வந்தால் போதும், வாணலியில் கரண்டி சத்தம்கூட அடங்கிவிடும். சத்தமான பாட்டு அவருக்கு ஆகாது. நாள் முழுக்கத் தையல் மெஷின் வரிசையில் உட்கார்ந்து வந்த காதுக்கு மெதுவான குரல்தான் வேண்டும் என்பார்.

டர்பனில் எஸ்ஏபிசி கட்டடம் இருக்கும் சாலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பு அது ஓல்டு ஃபோர்ட் ரோடு. இப்போது கே.ஈ.மசிங்கா சாலை. 1941இல் டர்பன் ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்து, ஸூலு மொழியில் பேச இடம் கேட்டு வாங்கிய மனிதர் அவர். அந்த டிசம்பரில் அவர் குரலில்தான் ஸூலு முதன்முதலாக அங்கிருந்து ஒலித்தது. அந்தச் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். வாசலில் வந்து நின்று கேட்டவர் அல்லவா!

1996 அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் தமிழும் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கழித்து, 2016இல், எஸ்ஏபிசி தன் 18 வானொலிகளிலும் 90 சதவீதம் உள்நாட்டு இசைதான் என்று அறிவித்தது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இங்கேயே பிறந்து தமிழில் பாடுகிறவர்களை நானே தேடிப் போய்க் கேட்கிறேன். ஆனால் சென்னையில் பதிவான பாட்டைக் கேட்கவே முள்ளைத் திருப்பும் நேயர்களுக்கு அந்த அளவு பொருந்தாது. எதிர்ப்பு எழுந்தது, 2017இல் அந்தக் கொள்கை போயிற்று.

இப்போது பழைய பாட்டு வேண்டுமென்றால் போனிலேயே எல்லாம் கிடைக்கிறது. அப்புறம் இந்த நிலையம் எதற்கு என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: பாட்டுக்காக இல்லை, பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சுக்காக. டர்பனில் பிறந்து வளர்ந்த ஒருவர், டர்பன் தமிழில், “மெர்பேங்கில் இருக்கும் பாட்டிக்காக” என்று சொல்வதை எந்த செயலி தரும்? இங்கே வந்த தமிழர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டிலிருந்து கப்பல் ஏறியவர்கள். எங்கள் ஊர்ப் பாட்டிமார் பேச்சின் சாயல் அந்தக் குரல்களில் இருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு வீட்டுமொழி ஆங்கிலம். அந்தப் பேச்சை வேறு எங்கே கேட்பார்கள்?

அத்தை எண்பதுகளில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் பாட்டின் முதல் சில நொடிகள் இருக்காது, பொத்தானை அழுத்த ஓடி வருவதற்குள் போயிருக்கும். ஆனால் நிறுத்த மறந்த இடங்களில் அறிவிப்பாளரின் தமிழ் அப்படியே விழுந்திருக்கிறது. பாட்டெல்லாம் எங்கும் கிடைக்கும். அந்தத் துண்டுகள் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கின்றன. பழைய கேசட் டெக்கைக் கணினியோடு இணைத்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வீடுகளில் அலமாரிக்கு மேலே இப்படிப் பெட்டி பெட்டியாக இருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடலோரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே ஓடவிடவும் வேண்டாம், நாடாவும் கெடும், டெக்கும் கெடும். யார் எந்த வருடம் பதிவு செய்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள். குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வேலை முடிந்ததும் அங்கே போய், இவற்றுக்கும் ஓர் இடம் கொடுப்பீர்களா என்று கேட்கப் போகிறேன்.