மடியில் மக்ரூன்

தூத்துக்குடியில் பஸ் ஏறி, மக்ரூன் பெட்டியை மேலே வைக்கப் போனேன். பக்கத்து இருக்கை ஆச்சி கையைப் பிடித்துவிட்டார்.

"மடியிலயே வச்சுக்கோய்யா, நொறுங்கிரும். எங்க திருநவேலி அல்வான்னா தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

சிரித்துவிட்டேன். உண்மைதானே.

முட்டை வெள்ளைக்கருவை நுரைபொங்க அடித்து, சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடுவது மக்ரூன். கூம்பு மாதிரி இருக்கும், கொஞ்சம் அழுத்தினால் பொடி. முந்திரியே போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம்தான். முத்துக்காக வந்தவர்கள் பனிமய மாதாவையும் விட்டுப் போனார்கள். இன்று முத்துக்குளிப்பு இல்லை. உப்பும் துறைமுகமும்தான் சோறு போடுகின்றன.

அல்வா வேறு வகை. கோதுமைப் பால், சீனி, நெய், மணிக்கணக்கில் கிண்டும் கை. அதைக் கொண்டுவந்தவர்களும் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்பார்கள். ருசிக்குக் காரணம் கேட்டால் தாமிரபரணித் தண்ணீர் என்று முடித்துவிடுவார்கள் நெல்லைக்காரர்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிக் காட்டும் அதே பெருமிதம்.

இரண்டு ஊருக்கும் ஐம்பது கிலோமீட்டர்தான். 1986 வரை ஒரே மாவட்டம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடியில். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் பற்றி எரிந்தது நெல்லை.

வல்லநாட்டில் ஆற்றைக் கடந்தபோது ஆச்சிக்கு ஒரு மக்ரூன் நீட்டினேன்.

வாயில் போட்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், வேண்டாவெறுப்பாக.

அப்புறம் இன்னொன்று கேட்டார்.