50 பாஸ்கலும் ஒரு டிராலியும்

கடல் நடுவில் இருக்கும் எங்கள் எண்ணெய், எரிவாயு மேடையில், ஆட்கள் தங்கும் குவார்ட்டர்ஸின் லோ பிரஷர் அலாரம் போவதும் வருவதுமாக இருந்ததால்தான் கீழே இறங்கிப் போனேன். நுழைவு அறையான ஏர்லாக்கின் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன. உள்கதவுக்கு அடியில் மடித்துச் சொருகிய அட்டைப்பெட்டித் துண்டு. வெளிக்கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி சாமான் டிராலி. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் அதிகம் என்று காட்ட வேண்டிய கேஜ் முள் பூஜ்யத்தை ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

கேலி (சமையலறை) ஸ்டூவர்ட் என்னைவிட வயதில் மூத்தவர். "ஒண்ணு மூடின பிறகுதான் இன்னொண்ணைத் திறக்கணும்ணே" என்றேன். அட்டையை உருவிக்கொண்டே கேட்டார்: "நிஜமாவே கேஸ் வந்தா காத்து வர்ற வழியில இருக்கிற டேம்பரை எல்லாம் மூடிடுவீங்க, ஃபேனும் நின்னுடும். அப்ப இந்த பிரஷரே இருக்காதுல்ல சார்? அப்புறம் எதுக்கு இந்தக் கதவோட மல்லுக்கட்டணும்?"

"அதுக்குத்தான் கதவு மூடியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

பதில் சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அன்றாடச் சிறு கசிவுகள் குவார்ட்டர்ஸுக்குள் புகாமல் இருக்கத்தான் உள்ளே காற்றை ஏற்றி வைக்கிறோம். பெரிதாக ஏதாவது நடந்தால் கதையே வேறு. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக்கில் கேஸ் தெரிந்த பிறகும் ஃபேன் ஓடினால், அதுவே கேஸை இழுத்து உள்ளே கொடுத்துவிடும். அதனால் நிறுத்துகிறோம். அதற்குப் பிறகு ஆட்களைக் காப்பது பிரஷர் அல்ல, இறுக்கம். வட கடல் பக்கம் கணக்குப் போடும்போது மணிக்கு 0.35 காற்றுமாற்றம், அதாவது உள்ளிருக்கும் காற்றில் 0.35 பங்கு அளவுக்கு வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் கசிந்து வரும் என்று அடிக்கடி எடுத்துக்கொள்வார்கள். எல்லாக் கதவும் டேம்பரும் ஒழுங்காக மூடியிருந்தால் வருகிற கணக்கு அது. 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா என்ற வட கடல் எண்ணெய் மேடையின் தீ விபத்தில் இறந்த 167 பேரில் பலர் குவார்ட்டர்ஸில் மீட்புக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் தீயல்ல, புகை.

இதில் ஒரு வரியாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். டிராலியை நடைபாதையில் நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்கிற நேரமா அது என்றும் தோன்றுகிறது. அதோடு, அவர் பாடம் கேட்கவில்லை. டேம்பர், ஃபேன் வரிசையை அவ்வளவு சரியாகச் சொன்னவருக்கு மிச்சமும் தெரிந்திருக்கும். அவர் பேசியது கதவைப் பற்றி.

அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. இரண்டு சதுர மீட்டர் கதவில் 50 பாஸ்கல் என்றால் 100 நியூட்டன், ஏறக்குறைய பத்து கிலோ எடை. உள்காற்று அவ்வளவு பலத்தோடு கதவைத் திறக்கப் பார்க்கும். அதையும் மீறி மூடித் தாழ் விழ வேண்டும் என்பதற்காக கதவைத் தானாக மூடும் க்ளோஸர் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருக்கிறோம். டிராலியோடு தனியாக வருகிறவர் முதுகில் அடிப்பது அந்த ஸ்பிரிங்தான். ஆக, அவரை அட்டை சொருக வைத்ததும் பிரஷர்தான்.

மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, "பிரஷர் செட்பாயின்ட்டை 50-லேர்ந்து 35-க்கு இறக்கிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்திடலாமே" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இருக்கிறது. விநாடிக்கு பத்து மீட்டர் காற்று ஒரு சுவரில் நேராக மோதினாலே 60 பாஸ்கல் வந்துவிடும். கடல் நடுவில் அது பெரிய காற்றே இல்லை. நம் 50-இல் பெரிய மிச்சம் ஒன்றும் கிடையாது, அதையும் குறைப்பதா? (அப்படியென்றால் காற்று வீசும் பக்கம் 50-ஆலும் முழுசாகத் தடுக்க முடியாதே என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.) இரண்டு கதவும் திறந்து கிடந்தால் பாதுகாப்பு பூஜ்யம், 35-இல் மூடியிருந்தால் பூஜ்யத்தைவிட மேல். மெக்கானிக் பக்கத்து இந்த வாதத்துக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. ஆனாலும் செட்பாயின்ட்டைத் தொட மனசு வரவில்லை.

குவார்ட்டர்ஸைக் கவனிக்கும் கேம்ப் பாஸிடம் பேசி டிராலிக்கு இரண்டு பேர் என்று முடிவானது. ஆள் குறைகிற ஷிஃப்டில் என்ன செய்கிறார்கள் என்று நான் போய்ப் பார்ப்பதில்லை. லோ பிரஷர் அலாரம் வருவதில்லை, அதனால் சரியாகத்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அலாரம் கத்தாமல் இருப்பதற்காக அதைத் தாமதப்படுத்தும் ஒரு டைமர் வைத்திருக்கிறோம். அது எத்தனை விநாடி என்று கேலியில் எல்லோருக்கும் தெரியும்.