வலப்பக்கத் திருப்பம்

ஜனவரி 11, சனி

டென்வரிலிருந்து காலை ரயில். பத்து கிலோமீட்டர் நீள மொஃபட் சுரங்கத்தைத் தாண்டியதுமே வின்டர் பார்க், பனிச்சறுக்கு மலை. இறங்கினால் எதிரே சரிவு. முதுகுப் பையில் ஒரு செயற்கைக் கால், உடம்பில் ஒரு செயற்கைக் கால். ஒன்று நடக்க, ஒன்று சறுக்க. பையிலிருந்து எட்டிப்பார்த்த பாதத்தை எதிர் இருக்கைக் குழந்தை வழி நெடுக முறைத்துக்கொண்டே வந்தது.

போன இரண்டு குளிர்காலமும் ஒற்றை ஸ்கீதான், அதாவது ஒரே சறுக்குப் பலகை. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு வலது காலில் ஒரு ஸ்கீ, கைகளில் அவுட்ரிக்கர், அதாவது நுனியில் குட்டி ஸ்கீ வைத்த ஊன்றுகோல். பனியில் மூன்று கோடு விழும். முழங்காலுக்கு மேல் கால் போனவர்கள் பலரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், என்னைவிட வேகமாக. எனக்கோ மதியத்துக்குள் வலது தொடை எரிய ஆரம்பித்துவிடும். இருக்கிற ஒரு காலையும் தேய்த்துவிடுவேனோ என்று பயம். அதனால் இந்த வருடம் இரண்டு ஸ்கீ.

இந்த மலையில் 1970-இல் டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஹால் ஓ'லியரி சொல்லிக்கொடுத்ததில் தொடங்கியதுதான் இங்குள்ள பயிற்சி மையம். எனக்கு இன்று பூட்ஸ் மாட்டவே முக்கால் மணி நேரம் போயிற்று. செயற்கைப் பாதம் கணுக்காலில் வளையாது, ஸ்கீ பூட்ஸும் வளையாது. கடைசியில் பூட்ஸை ஹேர் டிரையரால் சூடாக்கி, பாதத்துக்கு மளிகைக் கடை பிளாஸ்டிக் பையைச் சுற்றி, தரையில் வைத்து இரண்டு பேராக அழுத்தினோம். 'டொக்' என்று உள்ளே போனது. கழற்றுவது பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

செயற்கைக் காலின் முழங்கால் மூட்டு பற்றி எழுதிவிடுகிறேன். நான் நடக்கும் காலில் இருப்பது கணினி மூட்டு. எடை விழுந்தால் மெல்ல மடிந்து கொடுக்கும், ஆனால் திரும்ப நிமிர்த்தித் தள்ளாது. சறுக்கும்போதோ முழங்கால் எப்போதும் பாதி மடிந்தே இருக்கவேண்டும், குழி வந்தால் அமுங்கி எழவேண்டும். சறுக்கும் காலில் அந்த வேலையைச் செய்வது காற்று அடைத்த ஷாக், மலைச் சைக்கிளில் இருக்கும் அதிர்வுதாங்கி மாதிரி. ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிப் பந்தயக்காரர் மைக் ஷுல்ட்ஸ் 2008-இல் கால் இழந்தபின் இப்படியொரு மூட்டைத் தானே வடிவமைத்தார். 2018 பியோங்சாங் பாராலிம்பிக்கில் பனிப்பலகையில் தங்கம் வாங்கினார்.

மூட்டை மடக்க எனக்குத் தசை கிடையாது. தொடையை சாக்கெட்டின், அதாவது செயற்கைக் காலில் தொடை நுழையும் கூட்டின், முன்சுவரில் அழுத்தி, இடுப்பு எடையை முன்னே போட்டால்தான் மடியும். பயந்து பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்து கட்டையாகிவிடும். மலையில் பயந்தால் பின்னால் சாயாதவன் யார்?

இன்னொரு சிக்கல். வலப்பக்கம் திரும்ப இடது ஸ்கீயில் எடை விழவேண்டும். இடதுதான் என் செயற்கைக் கால். ஆக, இடப்பக்கம் வெண்ணெயாகத் திரும்புகிறேன். வலப்பக்கம் திரும்புவதே இல்லை.

"அப்பா, நீங்க ஏன் எப்பவும் அந்த வேலிக்கிட்டயே போய் நிக்கிறீங்க?" என்றாள் மகள்.

பிப்ரவரி 1, சனி

போகவில்லை. ரயிலில் இடமில்லை. காரில் போனால் பெர்த்தோட் கணவாய் ஏறவேண்டும், பனி கொட்டுகிறது. தொடையில் சிவந்த இடத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

பிப்ரவரி 8, சனி

குளிரில் மிச்சத் தொடை சுருங்கிவிடுகிறது. காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் பதினொரு மணிக்குத் தொளதொளவென்று ஆனது. கவனிக்காமல் ஓட்டினேன். விழுந்து எழுந்து பார்த்தால் இடது பூட்ஸின் நுனி மலை உச்சியைப் பார்க்கிறது, நான் அடிவாரத்தைப் பார்க்கிறேன். பின்னால் வந்த அம்மாள் அலறிவிட்டார். "வலிக்கவில்லை, வலிக்கவில்லை" என்று நான் காலைத் திருகி நேராக்க, அதைப் பார்த்து இன்னும் பெரிதாக அலறினார்.

அப்புறம் ஒரு துணி உறையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, ஷாக்கில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். கல்லாக இருந்த மூட்டு இணங்கி வந்தது. இத்தனை நாள் என் எடைக்கு அது அமுங்கவே இல்லை போல. தப்பெல்லாம் என் பயத்தின் மேல் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 15, சனி

நீண்ட வார இறுதி, லிஃப்ட் வரிசையில் நல்ல கூட்டம். மூன்றாவது ஓட்டம், சரிவின் நடுப்பகுதி. வேலி நெருங்கிவிட்டது. தொடையை முன்னே தள்ளி, இடுப்பை உள்ளே சாய்த்து, இடது ஸ்கீயின் மேல் மொத்தமாக நின்றேன். பாதத்தில் உணர்வு கிடையாது. ஆனால் விளிம்பு பனியைக் கடித்த கரகரப்பு சாக்கெட் வழியாகத் தொடைக்கு வந்தது. மூட்டு அமுங்கியது. வேலி கண்ணிலிருந்து விலகியது.

அடுத்த வலப்பக்கத்தில் விழுந்தேன். அதற்கடுத்ததிலும். நான்காவது வந்தது.

மாலை ரயிலில் பூட்ஸைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே பாதத்தோடு பையில் திணித்திருக்கிறேன். இரவு ஹேர் டிரையர் வேலை இருக்கிறது.