அப்பாவும் கேட்டுட்டிருந்தார்

2021 மே, முழு ஊரடங்கு. பொதுச் சுகாதார முதுநிலை மாணவர்களுக்கு ஜூமில் வகுப்பு. அதன் கடைசிப் பத்து நிமிடம் இன்னும் மனதில் ஓடுகிறது.

வைட்ஹால் ஆய்வைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1967இல் பிரிட்டன் அரசு ஊழியர்களை வைத்துத் தொடங்கியது. எல்லாருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இதய நோயில் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. சமூகத்தில் ஒருவர் நிற்கும் படியே அவர் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்பதுதான் பாடம். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் வீட்டுத் தனிமை விதிகளுக்கு வந்தேன். காற்றோட்டமான தனி அறை வேண்டும் என்றேன்.

ஒரு மாணவி மைக்கைத் திறந்தாள். பின்னால் இருமல் சத்தம். "மேடம், எங்க வீடே ஒரு ரூம்தான், அஞ்சு பேர் இருக்கோம். அப்பாவுக்கு நேத்து பாசிட்டிவ். நடுவுல புடவை கட்டி மறைச்சிருக்கோம். பாத்ரூம் நாலு வீட்டுக்கு ஒண்ணு. நாங்க என்ன செய்யறது?"

"பாருங்க, இதைத்தான் இவ்வளவு நேரமா சொல்றேன்" என்றேன். திரையில் 'ஒரு அறை, ஐந்து பேர்' என்று எழுதினேன். அங்கிருந்து அம்புக்குறிகள்: வாடகை, ஒப்பந்த வேலை, போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதுவரை வாய் திறக்காதவர்கள்கூடப் பேசினார்கள். அவள் மைக்கை அணைத்துவிட்டாள்.

முடிந்ததும் போன் செய்தேன். பரிசோதனை மையம், அங்கிருந்து கோவிட் மையம் என்று வழி சொன்னேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இடம் வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். வைக்கும்போது சொன்னாள்: "அப்பாவும் கேட்டுட்டுதான் இருந்தார் மேடம்."

அவளிடம் ஹெட்போன் இல்லை. புடவைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர், தன் சம்பளத்துக்கு நான் அம்புக்குறி போட்டதைக் கேட்டிருக்கிறார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அன்றைய பாடத்தை அந்த வகுப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புத்தகத்தில் இருப்பது நம் தெருவில் இருக்கிறது என்று காட்டத்தானே ஆசிரியர்? சரி, ஆனால் அவள் கேட்டது விளக்கம் இல்லையே. என்ன செய்வது என்றுதான் கேட்டாள். "எனக்கும் தெரியலம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று முதலில் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வருத்தத்தில் சொன்னாளா, மகள் படிப்பதை அப்பா கேட்கிறார் என்ற பெருமையிலா? நாளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறது. பருவத் தேர்வில் வைட்ஹால் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். தன் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

இந்த வருடமும் அந்தப் பாடத்தில் 'ஒரு அறை, ஐந்து பேர்' என்றுதான் எழுதினேன். யார் வீடு என்று சொல்லவில்லை.