பால்மரச் சில்லு மூடாக்கு: பதினான்கு மாத அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் நிலம். முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற இடம். மேலே விரற்கடை அளவு கறுப்பு மண், அதற்குக் கீழே செம்மஞ்சள் களி. மழை பெய்தால் சேறு. நான்கு நாள் வெயில் அடித்தால் ஓடு. வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும்.

போன ஆண்டு மார்ச்சில் அருகில் மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்தார்கள். கிளைகளை இயந்திரத்தில் சில்லாக அரைத்துக் குவித்திருந்தார்கள். மண்ணுக்கு மூடாக்காகப் போட, லாரிக்கூலி 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு நடை இறக்கினேன். இருபத்தேழு ஆண்டுகள் பால் வெட்டிய அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வேர்க்கட்டையும் சேர்த்து அரைத்தார்களா?" வெள்ளை வேர் நோய் கண்ட மரத்தின் வேரிலும் அடிக்கட்டையிலும் பூசணம் உயிரோடிருக்கும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. நேரில் போய் விசாரித்து, கிளை மட்டும்தான் என்று உறுதி செய்த பிறகே இறக்கச் சொன்னேன்.

முதல் பாத்தியில் சில்லை மண்வெட்டியால் கொத்திக் கலந்தேன். தவறு. மூன்றாம் வாரமே கத்தரிக் கன்றுகளின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரிமம் இருக்கிறது. மண்ணின் நுண்ணுயிர்களுக்கோ ஏறக்குறைய 24 பங்கு கரிமம்தான் சரியான உணவு. சில்லைத் தின்னப் போதாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ள, கன்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கோழி எரு போட்டு அந்தப் பாத்தியை மீட்க இரண்டு மாதங்கள் பிடித்தன.

இரண்டாவது பாத்தியைக் கொத்தவே இல்லை. லாலான் என்ற களைப்புல்லின் கிழங்குகளைத் தோண்டி எடுத்தேன். அதைச் செய்யாமல் மூடினால் அதன் ஊசி முனை காகித அட்டையையும் துளைத்து வரும். பிறகு மண்ணின் மேல் நான்கு அங்குலம் சில்லு, செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மேலே கிடக்கும் சில்லு அது தொடும் மண்ணில் மட்டுமே தழைச்சத்தை இழுக்கிறது, வேர் இருக்கும் ஆழத்துக்கு அந்தப் பாதிப்பு இறங்குவதில்லை. இங்கே கத்தரி ஒரு நாள்கூட மஞ்சளாகவில்லை. வீட்டுச் சுவரோரம் மட்டும் கறையானுக்கு அஞ்சிச் சில்லே போடவில்லை.

ஒரு மர ஆலையில் சில்லை இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். வாங்கவில்லை. அறுத்த பால்மரப் பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊற வைப்பார்கள். அந்தச் சத்து கொஞ்சம் மிகுந்தாலும் இலையோரம் கருகும். கிளைச் சில்லே மேல் என்பது என் முடிவு. கனடாவில், கியூபெக்கின் லாவால் பல்கலைக்கழகத்தில் ஜில் லெமியூ என்ற ஆய்வாளர் மண் வளத்துக்கென ஆராய்ந்ததும் 7 சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள கிளைகளைத்தான். சத்து அதிகம் இருப்பது பட்டையும் மொட்டும் மிகுந்த இளங்கிளையில்தான்.

ஏழாம் மாதம், ஒரு மழைக்கு மறுநாள் காலை, சில்லைக் கையால் விலக்கிப் பார்த்தேன். அடிச்சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடையாக எழுந்தன. இடையெங்கும் நூலாம்படை போல வெள்ளைப் பூசண இழை. ஒரு சில்லை எடுத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டி போல நசுங்கி, காளான் வாசனை வந்தது. அதற்குக் கீழே களிமண் இரண்டு விரல் ஆழத்துக்குக் கறுத்து, உதிரியாக, மண்புழு எச்சத்தோடு இருந்தது. இந்த நிலத்தில் மண்புழுவை நான் கண்டது அன்றுதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். நெடுநேரம் கீழே போடவில்லை.

குளிர்நாட்டார் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. அங்கே ஆண்டுக்கணக்கில் கிடப்பது, நம் வெப்பத்திலும் மழையிலும் எட்டே மாதத்தில் நான்கு அங்குலத்திலிருந்து ஒன்றரையாகக் கரைந்துவிட்டது. பால்மரத்தில் மாவுச்சத்தும் மிகுதி. சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் அதன் தூளைத் தேடி வாங்குவது அதனாலும்தான். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் போட வேண்டும்.

மிச்சக் குவியலைக் கிளறியபோது கட்டை விரல் பருமனில் சுருண்டிருந்த வெள்ளைப் புழுக்கள் ஆறு கிடைத்தன. தென்னை, செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். சுற்றிலும் செம்பனையும் தென்னையும் இருக்கும் ஊரில் மட்கும் குவியலை விட்டுவைக்கக் கூடாது. அன்றே பொறுக்கி அழித்துவிட்டு, குவியலைப் பரப்பினேன்.

போன வாரம் ஓரடிக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மூடாத இடத்தில் வற்ற 40 நிமிடம், மூடிய பாத்தியில் 11. வெண்டை என் தோளைத் தொடுகிறது. அடுத்த நடை லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது; முதலில் பாகற்பந்தலின் அடி.