பியூரெட் முனையில் ஒரு குமிழி

தண்ணியோட கடினத்தன்மை (கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்பு) பாக்குற லேப்புக்கு ஆனையூரோ திருநகரோ, உங்க வீட்டு போர் தண்ணியையே கொண்டு வாங்க. கோனிக்கல் பிளாஸ்க்கில் (கூம்புக் குடுவை) 20 மி.லி. எடுத்து, அம்மோனியா பஃபர் விட்டு பிஹெச் 10-க்குக் கொண்டு வந்து, நிறம் காட்டுற எரியோகுரோம் பிளாக்-டி ரெண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடும் அடியில் திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்), அந்த உப்பைப் பிடிச்சுக்கிற 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலை விட விட ஒயின் சிவப்பு நீலமாகும். கடைசிச் சொட்டுகளில் அவசரம் கூடாது, நிறம் மெதுவாத்தான் மாறும்.

பியூரெட் முனையில் காத்துக் குமிழி நின்னா, பாதியில் வெளியேறி அளவைக் கூட்டிக் காட்டும். 0.1 மி.லி. பிசகினாலே லிட்டருக்கு 5 மி.கி. தப்பு. கோனிக்கல் பிளாஸ்க்கை சாம்பிளால் அலசாதீங்க, வாலை வடிநீர் போதும்.

மூணு தடவை செஞ்சு, செலவான இ.டி.டி.ஏ. 9.8, 9.6, 9.6 மி.லி.-ன்னு வந்தா அப்படியே பேனாவில் எழுதுங்க (முதல் தடவை கொஞ்சம் ஓடித்தான் போகும்). அடிச்சுத் திருத்தி மூணையும் ஒண்ணாக்க வேண்டாம். 9.6-ன்னா கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 480 மி.கி.