1947 ஆகஸ்டும் பெரியாற்றுக் குத்தகையும்

விடுதலைக்கு முந்தைய பேச்சுவார்த்தைகள் என்றாலே பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த எல்லைக்கோட்டைத்தான் பேசுகிறோம். மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்களின் கதை வேறு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய அவர்கள் வயலைத் தொட்ட வாசகம், இந்திய விடுதலைச் சட்டத்தின் 7-வது பிரிவில் இருந்தது.

முல்லைப் பெரியாறு அணைக்கான நிலக் குத்தகை, அதாவது பெரியாற்றுக் குத்தகை, 1886 அக்டோபர் 29-இல் எழுதப்பட்டது. சுமார் 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. பத்திரப்படி எடுத்தவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரி, அதாவது இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர். சிக்கலின் வேர் இங்கேதான். 1947 ஜூலை 18-இல் ஒப்புதல் பெற்ற சட்டம், சமஸ்தானங்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கம் முடிகிறது, அதனோடு மன்னர்களுடன் செய்த உடன்படிக்கைகளும் முடிகின்றன என்றது. அப்படியானால் தேக்கடிச் சுரங்கம் வழியாக வைகைக்கு வரும் தண்ணீருக்கு ஆதாரம் என்ன?

சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: சுங்கம், போக்குவரத்து, தபால், தந்தி, 'இவை போன்ற பிற' விஷயங்களில் பழைய ஏற்பாடு தொடரும். பாசனம் என்ற சொல் அதில் இல்லை. 'இவை போன்ற' என்பதற்குள் ஆற்றுநீர் அடங்குமா என்று திருவிதாங்கூர், மதராஸ் இரு தரப்பும் வாதாடலாம். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படித் தொங்கலில் விட்டது அவசர வேலையின் விளைவு என்றே நினைக்கிறேன். பிரிவினையை அறிவித்த ஜூன் 3 திட்டத்துக்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவே பத்து வாரம்தான்.

ஓட்டையை அடைத்தது படேலும் வி.பி. மேனனும் நடத்திய சமஸ்தானத் துறை. ஒவ்வொரு மன்னரிடமும் இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்டார்கள். முதல் தாளான இணைப்புப் பத்திரம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றோடு நின்றது. அதில் தண்ணீர் வராது. இரண்டாவது தாளான நிலைநிறுத்த ஒப்பந்தத்தின் அட்டவணையில்தான் 'பாசனமும் மின்சக்தியும்' என்று வெளிப்படையாக எழுதினார்கள். புது ஒப்பந்தம் வரும்வரை இருப்பது இருந்தபடியே தொடரும். முதல் தாளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நம் பக்கத்து விவசாயிக்கு இரண்டாவதே பெரிது.

திருவிதாங்கூர் எளிதில் இணங்கவில்லை. தனிநாடாவோம் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஜூனிலேயே அறிவித்துவிட்டார். ஜூலை 25-இல் அவர் வெட்டுப்பட்டார். அதன்பின் சில நாட்களிலேயே மகாராஜா இணைய ஒப்புக்கொண்டார்.

இருப்பது தொடரும் என்றால் தகராறும் அப்படியே தொடரும். தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே, மின்சாரம் எடுக்க மதராஸுக்கு உரிமையில்லை என்ற 1941-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பும் கூடவே வந்தது. 1970 மே மாதம் தமிழ்நாடும் கேரளமும் செய்த துணை ஒப்பந்தங்களில்தான் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாகி, மின் உற்பத்திக்கு முறையான இசைவும் கிடைத்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது.

குத்தகை 1947-லேயே காலாவதியாகிவிட்டது என்ற வாதம் பிறகும் ஓயவில்லை. இது அரசியல் உடன்படிக்கை அல்ல, 7-வது பிரிவால் முடிந்துபோகவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மே 7-இல்.